இடைநிலை அவசர மருத்துவ நுட்புநர் பயிற்சி

இடைநிலை அவசர மருத்துவ நுட்புநர் பயிற்சி என்பது, ஆம்புலன்சில் பணியாற்றும் அடிப்படைநிலை நுட்புநர்களுக்குச் சிரைவழி நீர்மம் ஏற்றுதல், மேம்பட்ட மூச்சுவழிக் கருவி பொருத்துதல், குறிப்பிட்ட சில மருந்துகளைத் தருதல் ஆகியவற்றைக் கற்பிக்கும் பயிற்சியாகும். ஐக்கிய அமெரிக்காவில் இதற்கான தேசியப் பாடத்திட்டம் முதன்முதலில் 1985ஆம் ஆண்டு வெளியானது. 1999இல் அது பெரிதும் விரிவாக்கப்பட்டது. 2009க்குப் பின் இந்நிலை படிப்படியாக ‘மேம்பட்ட அவசர மருத்துவ நுட்புநர்’ என்ற நிலையாக மாற்றப்பட்டது.

ஒரே படிநிலையின் பாடத்திட்டம் கால் நூற்றாண்டுக்குள் ஒருமுறை விரிந்து மறுமுறை சுருங்கியதற்குக் காரணம் உண்டு. மருத்துவமனைக்கு வெளியே, மருத்துவர் அருகில் இல்லாத இடத்தில், சில நூறு மணிநேரப் பயிற்சி மட்டுமே பெற்ற ஒருவர் எந்தச் சிகிச்சைகளைச் செய்தால் நோயாளிக்குத் தீமையைவிட நன்மை மிகுதியாக இருக்கும் என்பதே இந்தப் பயிற்சியின் அடிப்படைக் கேள்வி. அதற்கான விடை அனுபவத்தாலும் ஆய்வுகளாலும் மாறி வந்துள்ளது.

படிநிலைகளுள் இதன் இடம்

அமெரிக்காவின் அவசர மருத்துவச் சேவையில் இன்று நான்கு தேசியப் படிநிலைகள் உள்ளன. 2009ஆம் ஆண்டின் கல்வித் தரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழத் தேவைப்படும் பயிற்சி நேரத்தைக் குறிப்பிட்டன.

• அவசர மருத்துவ முதல் உதவுநர்: 48 முதல் 60 மணிநேரம். தீயணைப்பு வீரர்கள், காவலர்கள் போன்று நிகழ்விடத்தை முதலில் அடைபவர்களுக்கு உரியது.
• அவசர மருத்துவ நுட்புநர்: 150 முதல் 190 மணிநேரம். இதுவே ஆம்புலன்ஸ் பணிக்கான அடிப்படைத் தகுதி. உயிர்வளி கொடுத்தல், பை-முகமூடியால் மூச்சு ஊட்டுதல், இரத்தப்போக்கை நிறுத்துதல், எலும்பு முறிவுக்குக் கட்டை கட்டுதல், தானியங்கி இதய அதிர்வுக் கருவியைப் பயன்படுத்துதல் முதலியவை இதில் அடங்கும்.
• மேம்பட்ட அவசர மருத்துவ நுட்புநர்: மேற்கண்டவற்றுடன் மேலும் 150 முதல் 250 மணிநேரம்.
• பாராமெடிக்: ஆயிரம் மணிநேரத்துக்கும் கூடுதலான பயிற்சி. இதயத் துடிப்புக் கோளாறுகளைப் படித்தறிதல், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துதல், பரந்த அளவில் மருந்துகள் தருதல் ஆகியவை இந்நிலைக்கு உரியவை.

இரண்டாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையிலான தொலைவு மிகப் பெரிது. பெருநகரங்களில் இது பெரிய சிக்கலாக இருப்பதில்லை. அங்கு பாராமெடிக் விரைவில் வந்துவிடலாம், மருத்துவமனையும் அருகிலேயே இருக்கும். ஊரகப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கு ஆம்புலன்ஸ் பணியைப் பெரும்பாலும் வேறு தொழில் செய்துகொண்டே தன்னார்வலராகப் பணிபுரிவோர் நடத்துகின்றனர். ஆயிரம் மணிநேரப் பயிற்சிக்கு அவர்களால் நேரம் ஒதுக்க இயலாது. மாதத்துக்குச் சில அழைப்புகள் மட்டுமே வரும் ஊரில் முழுநேரப் பாராமெடிக்கை ஊதியம் கொடுத்து வைத்திருக்கவும் அந்த ஊரால் இயலாது. மருத்துவமனைக்குப் போகும் நேரமோ அங்குதான் மிக நீண்டது. இந்த இடைவெளியை நிரப்பவே நடுப்படி ஒன்று தேவைப்பட்டது.

வரலாறு

1966இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகமும் தேசிய ஆய்வு மன்றமும் விபத்து மரணங்கள் பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டன. 1965ஆம் ஆண்டில் மட்டும் விபத்துகளால் ஏறத்தாழ 1,07,000 பேர் இறந்ததை அது சுட்டிக்காட்டியது. அந்நாளில் நாட்டின் ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறத்தாழப் பாதியை இறுதிச்சடங்கு நிறுவனங்களே நடத்தி வந்தன. ஒருவரைப் படுத்த நிலையில் கொண்டு செல்லும் வண்டி அவர்களிடம் இருந்ததே அதற்குக் காரணம். வண்டியில் உடன் செல்பவருக்கு மருத்துவப் பயிற்சி இருக்க வேண்டும் என்ற பொது விதி இருக்கவில்லை.

அதே ஆண்டு நிறைவேறிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் இப்பொறுப்பை மைய அரசின் போக்குவரத்துத் துறையிடம் சேர்த்தது. அவசர மருத்துவப் பயிற்சிக்கான தேசியப் பாடத்திட்டங்கள் சுகாதாரத் துறையிலிருந்து வராமல் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடமிருந்து வந்ததன் பின்னணி இதுவே. 1970இல் அவசர மருத்துவ நுட்புநர்களின் தேசியப் பதிவகம் தொடங்கப்பட்டது. ஆம்புலன்ஸ் நுட்புநருக்கான முதல் பாடத்திட்டம் 81 மணிநேரம் கொண்டதாக அமைந்தது. பாராமெடிக் பாடத்திட்டம் 1977இல் வெளிவந்தது. அதை உருவாக்கியவர் பிட்ஸ்பர்க் நகரின் ஃபிரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவையில் பணியாற்றிய மருத்துவர் நான்சி கரோலின்.

இவ்விரண்டுக்கும் இடையில் பல மாநிலங்கள் தமக்கு வேண்டியவாறு நடுப்படிகளை உருவாக்கிக்கொண்டன. 1985இல் வந்த இடைநிலைப் பாடத்திட்டம் அவற்றுக்குப் பொது வடிவம் தர முயன்றது. அதிர்ச்சி நிலையை அறிதல், சிரைவழி நீர்மம் ஏற்றுதல், மேம்பட்ட மூச்சுவழிக் கருவி பொருத்துதல் ஆகியவையே அதன் மையம். விபத்தில் காயமுற்றவரை மனதில் வைத்து வகுக்கப்பட்ட பாடம் அது.

1999ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் வேறு நோக்கம் கொண்டது. இதய இயக்கத்தைத் திரையில் பார்த்துக் கோளாற்றைக் கண்டறிதல், கையால் இயக்கும் அதிர்வுக் கருவி, இதயத்துக்கான மருந்துகள், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துதல், மார்புக் கூட்டில் அழுத்தத்துடன் தேங்கும் காற்றை ஊசியால் வெளியேற்றுதல் ஆகியவை சேர்க்கப்பட்டன. பயிற்சி நேரம் 300 முதல் 400 மணிநேரமாக உயர்ந்தது. இதனால் ‘இடைநிலை 85’, ‘இடைநிலை 99’ என ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட தகுதிகள் நிலவின. 1990களின் நடுவில் நாடு முழுவதும் குறைந்தது 44 வகையான அவசர மருத்துவத் தகுதி நிலைகள் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் எல்லை தாண்டியதும் அடுத்த மாநிலத்தில் எதைச் செய்யலாம் என்பது தெளிவாக இருக்கவில்லை.

2000இல் வெளியான அவசர மருத்துவக் கல்விக்கான எதிர்காலத் திட்டம் இக்குழப்பத்தைத் தீர்க்க முனைந்தது. அதன் தொடர்ச்சியாக 2007இல் தேசியப் பணிவரம்பு மாதிரி வெளிவந்து நான்கு நிலைகளை வரையறுத்தது. 2009இல் மணிக்கணக்கில் எழுதப்பட்ட பழைய பாடத்திட்டங்களின் இடத்தைக் கல்வித் தரங்கள் பிடித்தன. புதிய மேம்பட்ட நிலை, அளவில் 85ஐவிடப் பெரியதாகவும் 99ஐவிடச் சிறியதாகவும் அமைந்தது. மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துதலும் இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான மருந்துகளும் அதிலிருந்து நீக்கப்பட்டன.

பயிற்சியின் அமைப்பு

அடிப்படைநிலை நுட்புநர் தகுதி பெற்றவரே இப்பயிற்சியில் சேர முடியும். பயிற்சி நான்கு களங்களில் நடைபெறுகிறது.

வகுப்பறை: உடலியக்கம், நோயியக்கம், மருந்தியல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. அடிப்படைநிலையில் ‘மூச்சு வாங்குகிறது’ என்று அறிந்தால் போதுமானதாக இருந்திருக்கும். இந்நிலையில் அது ஆஸ்துமாவால் வருகிறதா, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்ததால் வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். ஏனெனில் மருந்து வேறுபடுகிறது.

செய்முறைக் கூடம்: நெகிழியாலான கை உருவில் சிரையைக் கண்டு ஊசி ஏற்றுவதிலிருந்து பயிற்சி தொடங்குகிறது. கேனுலாவின் எண் கூடக்கூட அதன் துளை சிறுக்கும், 14ஆம் எண் மிகப் பெரியது, 24ஆம் எண் மிகச் சிறியது என்பன போன்ற அடிப்படைகள் இங்கே கைப்பழக்கமாகின்றன. பிறகு முழு நிகழ்வுகள் நடித்துக் காட்டப்பட்டு மாணவர் அவற்றைக் கையாளுகிறார்.

மருத்துவமனை: அவசரச் சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் மேற்பார்வையின்கீழ் உண்மையான நோயாளிகளுக்கு ஊசி ஏற்றுகிறார், மருந்து தருகிறார், நிலையை மதிப்பிடுகிறார்.

களப்பணி: இயங்கும் ஆம்புலன்சில் மூத்த பணியாளர் ஒருவரின் கண்காணிப்பில் பணிபுரிகிறார். இங்கே கைத்திறனோடு, குழுவை வழிநடத்தும் திறனும் மதிப்பிடப்படுகிறது. ஓடும் வண்டியின் குலுக்கலும் குறைந்த வெளிச்சமும் அழும் உறவினர்களும் செய்முறைக் கூடத்தில் இருப்பதில்லை.

கற்பிக்கப்படும் முக்கியத் திறன்கள்

சிரைவழியும் எலும்புவழியும்: கையிலுள்ள சிரையில் கேனுலா பொருத்தி நீர்மமும் மருந்தும் செலுத்துதல் இந்நிலையின் அடையாளத் திறன். அதிர்ச்சியில் உள்ள குழந்தையின் சிரையைக் கண்டுபிடிப்பது அரிது. அப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே காலெலும்பின் மச்சைக்குள் ஊசி செலுத்தி நீர்மம் ஏற்றப்படுகிறது.

மூச்சுவழி: நாவுக்குப் பின்னால் குரல்வளைக்கு மேலே அமரும் கருவிகளைப் பொருத்தப் பயிற்சி தரப்படுகிறது. இவற்றைப் பார்வையின் உதவியின்றியே செலுத்தலாம். மூச்சுக்குழாய்க்குள் நேரடியாகக் குழாய் செலுத்துவதைவிட இது எளிது. நீண்டகாலப் பழக்கம் இல்லாதவரும் நம்பகமாகச் செய்ய முடியும்.

மருந்துகள்: இந்நிலையின் மருந்துப் பட்டியல் சிறியது. கடும் ஒவ்வாமைக்கு எபிநெஃப்ரின், மூச்சிரைப்புக்குச் சுவாசத்தின் வழி தரும் ஆல்பியூடெரால், இதய நெஞ்சுவலிக்கு நாவடியில் நைட்ரோகிளிசரின், இரத்தச் சர்க்கரை வீழ்ச்சிக்கு டெக்ஸ்ட்ரோஸ் அல்லது குளூகாகன், அபின் வகை மருந்து மிகையால் மூச்சு நின்றவருக்கு நலோக்சோன், வலிக்கு நைட்ரஸ் ஆக்சைடு ஆகியவை 2007 மாதிரியில் இடம்பெற்றன. சில நிமிடங்களில் உயிரைக் காக்கக்கூடியவை என்பதும், எப்போது தரவேண்டும் என்பதற்கான அடையாளங்கள் ஓரளவு தெளிவானவை என்பதும் பெரும்பாலான இம்மருந்துகளின் பொதுத் தன்மை.

ஓர் எடுத்துக்காட்டு

நினைவிழந்து கிடக்கும் அறுபது வயது ஒருவரிடம் நுட்புநர் வருகிறார் என்று கொள்வோம். வீட்டிலிருப்பவர்கள் அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்கிறார்கள். உடனே டெக்ஸ்ட்ரோசைத் தேடுவது இயல்பான தூண்டுதல். பயிற்சி கற்பிக்கும் வரிசை வேறு. முதலில் மூச்சுவழி திறந்திருக்கிறதா, மூச்சு போதுமானதா, நாடித்துடிப்பு உள்ளதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்க வேண்டும்.

அளவு மிகக் குறைவாக இருந்தால் சிரைவழி டெக்ஸ்ட்ரோஸ் தரப்படுகிறது. ஆனால் அடர்த்தி மிகுந்த டெக்ஸ்ட்ரோஸ் சிரைக்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசை அழுகிப்போகும். ஆகவே கேனுலா சரியாக அமர்ந்திருப்பதை உறுதிசெய்த பிறகே அதைச் செலுத்த வேண்டும். சிரை கிடைக்காவிட்டால் குளூகாகன் தசையில் போடப்படுகிறது. அது கல்லீரலில் சேமிப்பாக உள்ள சர்க்கரையை வெளிக்கொணர்ந்து வேலை செய்கிறது. ஆகவே சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும், பலநாள் உண்ணாமல் இருந்தவருக்கு அது பயன்படாமலும் போகலாம்.

சர்க்கரை அளவு சரியாக இருந்து, கண்மணிகள் ஊசிமுனை போல் சுருங்கி, மூச்சு மிக மெதுவாக இருந்தால் காரணம் வேறு. அங்கே முதல் மருந்து நலோக்சோன் அன்று, பை-முகமூடியால் தரும் மூச்சுதான். நலோக்சோனின் நோக்கமும் அவரை எழுப்பி உட்கார வைப்பதன்று, தானே மூச்சுவிடச் செய்வதே. நினைவிழப்பு பக்கவாதத்தாலோ தலைக்காயத்தாலோ ஏற்பட்டிருந்தால் இப்பட்டியலில் உள்ள எந்த மருந்தும் உதவாது. அப்போது மூச்சைக் காத்தபடி தகுந்த மருத்துவமனைக்கு விரைவதே சிகிச்சை.

ஒரே தோற்றம், நான்கு காரணங்கள், நான்கு வழிகள். கூடுதலாகச் சேர்க்கப்பட்ட பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி இவ்வகைப் பிரித்தறிதலுக்கே செலவாகிறது.

ஆய்வுகள் உணர்த்திய எல்லைகள்

முன்னேறிய சிகிச்சை எப்போதும் மேலான பலன் தரும் என்ற எண்ணத்தைப் பல ஆய்வுகள் திருத்தின.

1980களில் காயமுற்றவரின் கால்களையும் வயிற்றையும் காற்றழுத்தத்தால் இறுக்கும் அதிர்ச்சி எதிர்ப்பு ஆடை பரவலாகப் பயன்பட்டது. இரத்த அழுத்தமானி காட்டும் எண் உயர்வதை நுட்புநர் கண்ணால் காண முடிந்ததால் அதன்மீது நம்பிக்கை மிகுந்திருந்தது. ஹூஸ்டனில் 911 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1989இல் வெளியான ஆய்வு, அது உயிர் பிழைப்பைக் கூட்டவில்லை என்று காட்டியது. அதன் பயன்பாடு படிப்படியாகக் கைவிடப்பட்டது.

அதே நகரில் 1994இல் வெளியான மற்றோர் ஆய்வு இடைநிலைப் பயிற்சியின் மையத் திறனையே கேள்விக்கு உட்படுத்தியது. உடற்பகுதியில் குண்டு அல்லது கத்தி பாய்ந்து இரத்த அழுத்தம் வீழ்ந்த 598 பேரில், உடனடியாக நீர்மம் ஏற்றப்பட்டவர்களுள் 62 விழுக்காட்டினரும், அறுவை அரங்கை அடையும்வரை நீர்மம் தாமதிக்கப்பட்டவர்களுள் 70 விழுக்காட்டினரும் உயிர் பிழைத்தனர். இரத்தப்போக்கு நிற்காத நிலையில் அழுத்தத்தை உயர்த்தினால், உறைந்து அடைத்த இடம் மீண்டும் திறந்துகொள்ளக்கூடும். சலைன் இரத்தத்தின் உறையும் தன்மையையும் நீர்த்துப்போகச் செய்கிறது. இதன்பின் ஊசி ஏற்றுவதற்காக நிகழ்விடத்தில் காலம் கடத்தாமல், வண்டி நகரும்போதே அதைச் செய்ய வேண்டும், நீர்மத்தை அளவோடு தர வேண்டும் என்பது பாடமாயிற்று.

மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதிலும் இதே படிப்பினை கிடைத்தது. கலிஃபோர்னியாவில் 830 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2000இல் வெளியான ஆய்வில், பை-முகமூடியால் மட்டும் மூச்சு ஊட்டப்பட்ட குழந்தைகளைவிடக் குழாய் செலுத்தப்பட்ட குழந்தைகள் மேலான பலனைப் பெறவில்லை. ஃபுளோரிடாவில் 108 நோயாளிகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வு, மருத்துவமனையை அடைந்தபோது 27 பேரின் குழாய் தவறான இடத்தில் இருந்ததைக் கண்டது. உணவுக்குழாயில் போன குழாய் நுரையீரலுக்குக் காற்றே கொண்டு செல்லாது. இக்குழாய்களைச் செலுத்தியவர்கள் பாராமெடிக்குகள். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே வாய்ப்புக் கிடைக்கும் ஊரக இடைநிலை நுட்புநரிடம் இத்திறன் எவ்வளவு நிலைக்கும் என்ற ஐயம் வலுத்தது. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவை அளந்து குழாயின் இடத்தை உறுதிசெய்யும் கேப்னோகிராபி இன்று இன்றியமையாததாகக் கருதப்படுகிறது.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்கள் பற்றி 2004இல் வெளியான பெரும் ஆய்வு, விரைவான அதிர்வுச் சிகிச்சை ஏற்கனவே கிடைக்கும் இடத்தில் மேம்பட்ட சிகிச்சைகளைச் சேர்த்தபோது உயிர் பிழைப்போர் விகிதம் 5.0இலிருந்து 5.1 விழுக்காடாக மட்டுமே மாறியதைக் காட்டியது. அதேவேளை, உடனிருந்தவர் மார்பை அழுத்தி முதலுதவி செய்வதும் விரைவில் அதிர்வு கொடுப்பதும் பெரும் பலன் தந்தன.

இம்முடிவுகளால் இடைநிலைப் பயிற்சி தேவையற்றது என்றாகிவிடவில்லை. தேனீ கொட்டி மூச்சடைத்தவருக்கும் சர்க்கரை வீழ்ந்து வலிப்பு வந்தவருக்கும் உரிய மருந்து மருத்துவமனைக்குச் சென்ற பிறகு தருவதைவிட அங்கேயே தருவது மேலானது. எத்திறனைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை அத்திறனின் கவர்ச்சியால் தீர்மானிக்கலாகாது என்பதே இவற்றின் பொருள்.

மருத்துவ மேற்பார்வை

நுட்புநர் தாமாகவே மருத்துவம் செய்பவர் அல்லர். ஒவ்வொரு சேவைக்கும் மருத்துவ இயக்குநராக ஒரு மருத்துவர் இருப்பார். எந்த அடையாளத்துக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட நெறிமுறைகளின்படி நுட்புநர் இயங்குகிறார். நெறிமுறைக்குள் அடங்காத நிலையில் வானொலி அல்லது தொலைபேசி வழியே மருத்துவரின் ஆணையைப் பெறுகிறார். பயிற்சியில் இதற்கும் இடமுண்டு. நோயாளியைக் காணாத மருத்துவருக்கு ஒரு நிமிடத்துக்குள் அவரது நிலையைத் தெளிவாகச் சொல்லவும், பெற்ற ஆணையைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யவும் மாணவர்கள் பழக்கப்படுகின்றனர்.

நைட்ரோகிளிசரின் நெறிமுறை இதற்கு நல்ல சான்று. நெஞ்சுவலி இருப்பது மட்டும் போதாது. இரத்த அழுத்தம் போதுமான அளவு உள்ளதா, ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மருந்தை அண்மையில் உட்கொண்டாரா என்று கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழும். உறவினர் முன்னிலையில் நோயாளி கூச்சத்தால் மறைக்கக்கூடிய செய்தி இது. அதைத் தனியே, நயமாகக் கேட்டறிவதும் மருந்தியலின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது.

தேர்வும் சான்றும்

பயிற்சி முடித்தவர் தேசியப் பதிவகத்தின் தேர்வை எழுதுகிறார். நீண்டகாலம் எழுத்துத் தேர்வுடன் தனியாகச் செய்முறைத் தேர்வும் நடைபெற்றது. 2024ஆம் ஆண்டின் நடுவிலிருந்து அச்செய்முறைத் தேர்வு நிறுத்தப்பட்டது. தீர்மானம் எடுக்கும் திறனைச் சோதிக்கும் புதிய கணினித் தேர்வு வந்தது. கைத்திறனை உறுதிசெய்யும் பொறுப்பு பயிற்சி நிறுவனங்களையே சார்ந்தது. சான்று இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அதைப் புதுப்பிக்க மேம்பட்ட நிலையினர் 50 மணிநேரத் தொடர்கல்வியை நிறைவுசெய்யலாம்.

தேசியச் சான்று வேறு, பணிபுரியும் உரிமம் வேறு. உரிமத்தை மாநிலங்களே வழங்குகின்றன. பணிவரம்பையும் அவையே முடிவு செய்கின்றன. அலாஸ்கா தன் நிலைகளை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டு அமைத்துக்கொண்டது. கொலராடோ இடைநிலைத் தகுதியைத் தேசிய மாற்றத்துக்குப் பிறகும் மாநில அளவில் தக்கவைத்தது. 99 பாடத்திட்டத்தில் பயின்று பல ஆண்டுகள் பணியாற்றிய இடைநிலை நுட்புநர்களுக்குப் புதிய வரம்பு ஒரு குறைப்பாகவே அமைந்தது. அவர்கள் கூடுதல் பயிற்சி பெற்றுப் பாராமெடிக் நிலைக்கு உயரலாம், அல்லது தாம் செய்துவந்த சில சிகிச்சைகளை விட்டு மேம்பட்ட நிலையில் நிற்கலாம் என்ற இரு வழிகளே தேசிய முறையில் இருந்தன.

மருத்துவமனை தொலைவில் உள்ள, தன்னார்வலரை நம்பியிருக்கும் ஊர்களில் இந்த நடுப்படியின் தேவை இன்றும் குறையவில்லை. அங்கே ஆம்புலன்சுக்கு ஆள் கிடைப்பதே கடினம் என்பதால், பயிற்சி நேரத்தை உயர்த்தினால் சேருவோர் குறைவர், தாழ்த்தினால் தவறுகள் கூடும். ஒவ்வொரு மாநிலமும் தன் பணிவரம்பைத் திருத்தும்போது இவ்விரண்டுக்கும் இடையிலேயே தன் எல்லையை வகுக்க வேண்டியுள்ளது.